மடிநோய் ஊசியும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

திருவள்ளூர் மாவட்டத்தில் செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, திரூர் வட்டாரத்து வயல்கள் வீட்டு மனைகளாகிக் குறைந்து வருகின்றன. ஆனால் மாடுகள் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. காக்களூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோர் வீட்டுப் பின்புறத்திலும் ஒன்றோ இரண்டோ கலப்பினப் பசுக்கள் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். நிலம் சுருங்கச் சுருங்க மாட்டுக் கொட்டிலும் மக்கள் புழங்கும் இடமும் நெருங்கி வந்துவிட்டன. கீழே சொல்லப்படும் செய்திக்கு இந்த நெருக்கம் ஒரு முக்கியமான காரணம்.

கறவை மாடு வளர்ப்போருக்கு அதிக நட்டத்தைத் தருவது மடிநோய். மடி வீங்கிச் சூடேறும். பால் திரிந்து கட்டி கட்டியாக வரும். காலம் தாழ்ந்தால் காம்பு ஒன்று அடியோடு பாழாகும். இந்நோய்க்குப் பல இடங்களில் இன்று போடப்படுவது, சிறு குப்பியில் வெள்ளைத் தூளாக வந்து நீரில் கலந்து செலுத்தப்படும் ஓர் ஊசி மருந்து. அதன் பெயர் செஃப்ட்ரியாக்சோன். செஃபலோஸ்போரின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது.

டைபாய்டு காய்ச்சல் முற்றிய குழந்தைக்கும், மூளை உறைக் காய்ச்சல் கண்டவருக்கும் மருத்துவமனையில் ஏற்றப்படுவதும் இதே மருந்துதான். மாட்டுக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று என்று இரு வேறு சரக்குகள் கிடையா. மாட்டுக் கொட்டிலில் இம்மருந்து தோற்கப் பழகினால் மருத்துவமனையிலும் அது தோற்கத் தொடங்கும். மடிநோய்க்கு இம்மருந்தை முதல் ஊசியாகப் பயன்படுத்தலாகாது என்று கால்நடை அறிவியல் இன்று சொல்வதன் காரணம் இதுவே.

சாக்கடை வாயிலில் கிடைத்த பூஞ்சாணம்

செஃபலோஸ்போரின் பிறந்த கதையே டைபாய்டில்தான் தொடங்குகிறது. இத்தாலி நாட்டைச் சேர்ந்த சார்டினியா தீவில் கால்யரி என்னும் துறைமுக நகரம் உண்டு. அங்கே சுகாதாரப் பேராசிரியராக இருந்த ஜுசெப்பே புரோட்சு ஒரு விந்தையைக் கவனித்தார். நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் இளைஞர்கள் நீந்துகின்றனர், ஆயினும் எதிர்பார்த்த அளவுக்கு டைபாய்டு பரவவில்லை. அந்நீரில் கிருமிகளை அடக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று கருதிய அவர், 1945ஆம் ஆண்டில் அங்கிருந்து ஒரு பூஞ்சாணத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர் அது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே எட்வர்டு ஆபிரகாம், கை நியூட்டன் ஆகிய இருவரும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்னும் பொருளைக் கண்டறிந்தனர். அதை அடிப்படையாகக் கொண்ட முதல் மருந்து 1964இல் விற்பனைக்கு வந்தது.

அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகப் புதிய மருந்துகள் வந்தன. முதல் தலைமுறையைச் சேர்ந்த செஃபசோலின் அறுவைக்கு முன் சீழ் பிடிக்காதிருக்க இன்றும் போடப்படுகிறது. மூன்றாம் தலைமுறையில் செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சிம் ஆகியவை உள்ளன. கால்நடைகளுக்கென்றே செய்யப்பட்ட செஃப்டியோஃபரும் இத்தலைமுறையே. நான்காம் தலைமுறையில் மனிதருக்குச் செஃபிபிம், கால்நடைக்குச் செஃப்குவினோம். பெயர்கள் பலவாயினும் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே ஒன்றுக்கு அடங்க மறுத்த கிருமி மற்றொன்றுக்கும் அடங்காமல் போவது எளிது.

கிருமி தப்பும் வழி

பாக்டீரியாவைச் சுற்றி ஓர் உறுதியான சுவர் உண்டு. கிருமி வளரும்போது இச்சுவரையும் கட்டிக்கொண்டே போகவேண்டும். கட்டுகிற நொதியைப் பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடுவதே செஃபலோஸ்போரின் செய்யும் காரியம். சுவர் நின்றுபோக, கிருமி வெடித்துச் சாகும். மருந்தின் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான ஒரு சிறு வளையம் இருக்கிறது. மருந்தின் ஆற்றலெல்லாம் அந்த வளையத்தில்தான். வளையம் முறிந்தால் மருந்து வெறும் தூள்.

அந்த வளையத்தை முறிக்கும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் தாமே செய்துகொள்கின்றன. பீட்டா லாக்டமேஸ் என்பது அதன் பெயர். பென்சிலினை மட்டும் முறித்து வந்த இந்நொதி சிறிது மாறி, மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்களையும் முறிக்கும் ஆற்றல் பெற்றதை 1983ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அம்மருந்துகள் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இதில் உழவர்களுக்குப் புதுமை ஏதும் இருக்காது. செவ்வாப்பேட்டையை அடுத்த திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் திரூர்க்குப்பத்தின் பெயரைத் தாங்கியவை. அவற்றுள் டி.கே.எம். 6 பூச்சி எதிர்ப்புக்குப் பெயர் பெற்றது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20, ஐ.ஆர். 26 ஆகிய ரகங்களை உருவாக்கியது. 1973இல் வந்த ஐ.ஆர். 26 புகையானை நன்கு தாங்கி நின்றது. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அது பரவலாகப் பயிராயிற்று. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அந்த ரகத்தையும் தாக்கவல்ல புகையான் இனம் பெருகிவிட்டது. பிறகு ஐ.ஆர். 36 வேண்டியதாயிற்று. ஒரே ஆயுதத்தைப் பரந்த வெளியில் ஓயாமல் வீசினால், அதற்குத் தப்பக்கூடிய சிலவே எஞ்சிப் பெருகும். பூச்சிக்குப் பொருந்தும் இக்கணக்கு கிருமிக்கும் பொருந்தும்.

கிருமியின் வேகம் மட்டும் வேறு. புகையான் ஒரு தலைமுறை முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் வேண்டும். குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா, தக்க சூழ்நிலை அமைந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று, எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சமாகும்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. மருந்தை முறிக்கும் நொதிக்கான குறிப்பு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பாக்டீரியா அவ்வளையத்தின் பிரதியைப் பக்கத்திலுள்ள மற்றொன்றுக்குக் கொடுத்துவிட முடியும். அது தன் இனமாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அரிவாளை இரவல் கொடுப்பது போல்தான். மாட்டின் குடலில் தீங்கு செய்யாது கிடக்கும் ஈ. கோலை, நோய் செய்யும் சால்மொனெல்லாவுக்கு இந்த அரிவாளைக் கொடுத்துவிடலாம்.

கொட்டிலிலிருந்து சமையலறை வரை

மாட்டுக்குப் போட்ட ஊசி மடியோடு நிற்பதில்லை. செஃப்ட்ரியாக்சோனில் ஒரு பகுதி சிறுநீர் வழியாகவும், ஒரு பகுதி பித்தநீர் வழியாகக் குடலுக்கும் செல்கிறது. குடலில் உள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் மருந்துக்கு அடங்காதவை தழைக்கின்றன. சாணத்தோடு அவை குப்பைமேட்டுக்கும், அங்கிருந்து கீரைப் பாத்திக்கும், மழை நீரோடு குட்டைக்கும் போய்ச் சேருகின்றன. கறப்பவர் கை, பால் பாத்திரம், கொட்டிலைக் கழுவிய நீர் ஆகியனவும் அவற்றுக்கு வழிகளே.

எளிதில் கண்ணில் படாத வழி ஒன்று கன்று. ஊசி போட்ட பசுவின் பாலைச் சங்கத்தில் ஊற்றக்கூடாது என்று அறிந்தவர்களும், வீணாக்குவானேன் என்று அதைக் கன்றுக்கு விடுவதுண்டு. மருந்து கலந்த பாலைக் குடித்த கன்றின் சாணத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிகுவதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறிதளவு மருந்து பல நாள் தொடர்ந்து உள்ளே போவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கால்நடைக்குப் போட்ட மருந்து மனிதரைப் பாதிக்கும் என்பதற்குச் சான்று உண்டா என்று சிலர் கேட்கலாம். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் நடந்தது மிகத் தெளிவான சான்று. அங்கே குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் செலுத்தி வந்தனர். சால்மொனெல்லா ஹைடல்பெர்க் என்னும் கிருமி அம்மருந்துக்கு அடங்காமல் போவதைக் கண்டு, 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொரிப்பகங்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டன. 2004இல் கடைக் கோழி இறைச்சியில் கிடைத்த இக்கிருமிகளுள் 62 சதவீதம் மருந்துக்கு அடங்காதவை. 2006இல் அது 7 சதவீதமாகக் குறைந்தது. நோயுற்ற மனிதரிடம் கிடைத்த கிருமிகளில் 36 சதவீதமாக இருந்தது 8 சதவீதமாயிற்று. பின்னர் ஓரளவு மருந்தை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியதும் எதிர்ப்பும் மீண்டும் தலைகாட்டியது. மருந்தை நிறுத்தினால் நிலைமை திருந்தவும் கூடும் என்ற நல்ல செய்தியும் இதில் அடங்கியுள்ளது. அமெரிக்க அரசு 2012இல் மாடு, பன்றி, கோழிகளுக்குச் செஃபலோஸ்போரின்களை வரம்பு மீறிப் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

பழி முழுவதையும் மாட்டின் மேல் போடுவது நியாயமாகாது. மனிதர்களுக்கே அளவின்றிக் கொடுக்கப்படும் மருந்துகளும், கடையில் சீட்டின்றி வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் இந்நிலைக்குப் பெரும் பொறுப்பு. இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்படும் ஈ. கோலை கிருமிகளில் பாதிக்கு மேற்பட்டவை மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்களுக்கு அடங்குவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பு காட்டுகிறது. உலகம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

சென்னையின் பங்கு

இவ்வரலாற்றில் சென்னைக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று எச்சரிக்கை, மற்றொன்று ஆறுதல்.

செஃபலோஸ்போரின்கள் பயனற்றுப் போகும்போது மருத்துவர்கள் கையிலெடுப்பது கார்பபெனெம் வகை மருந்து. அதையும் முறிக்கும் என்.டி.எம்.-1 என்னும் நொதி பற்றிய விரிவான ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலும் அரியானாவிலும் பெறப்பட்ட கிருமிகளில் அந்நொதி இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், மருத்துவ அமைப்புகள் பல சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லிகளின் பயனை வரையறுக்கச் சென்னைப் பிரகடனம் என்னும் திட்டத்தை முன்வைத்தன. மூன்றாம், நான்காம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்கள் எச்-1 அட்டவணையில் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச் முதல் அவற்றை விற்போர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கவேண்டும் என்பது விதியாயிற்று.

ஆறுதல் தருவது சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வு. 1992இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஆலத்தூரில் செஃபலோஸ்போரின்களைத் தயாரித்து வருவது. கிருமியின் முறிக்கும் நொதியையே முடக்கும் என்மெட்டசோபேக்டம் என்ற பொருளை இதன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். செஃபிபிமோடு இதைச் சேர்த்த மருந்து, கடுமையான சிறுநீர்த்தாரை நோய்களுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற்றது. திருடன் கையைக் கட்டிவிட்டுப் பூட்டுப் போடுவது போன்ற ஏற்பாடு. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் இம்மருந்தும் என்.டி.எம். நொதியைக் கட்டாது. அன்றியும், இதன் உரிமை ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு 2013இல் வழங்கப்பட்ட பிறகு மட்டும் பதினோரு ஆண்டுகள் ஆகியே அனுமதி கிடைத்தது. இருபது நிமிடத்துக்கு ஒரு தலைமுறை காணும் கிருமியோடு இந்த வேகத்தில் ஓடி வெல்ல முடியாது. ஆகவே கையிலிருக்கும் மருந்தைக் காப்பதே உடனடி வேலை. அதில் பெரும்பகுதி கொட்டிலில் செய்யக்கூடியது.

ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை

மடிநோய் பெரும்பாலும் காம்புத் துளை வழியே நுழைகிறது. கறந்து முடித்த பின் ஏறத்தாழ அரை மணி நேரம் அத்துளை முழுவதும் மூடாதிருக்கும். அந்நேரம் மாடு சாணத்தில் படுத்தால் கிருமிக்குக் கதவு திறந்து வைத்தது போலாகும். கறந்தவுடன் தீவனம் போட்டு மாட்டை நிற்க வைப்பது செலவில்லாத தடுப்பு முறை. காம்புகளைப் போவிடோன் அயோடின் கரைசலில் நனைப்பது இன்னும் நல்லது. கட்டை விரலை மடக்கிக் கறப்பதால் காம்பின் உட்புறம் புண்ணாகும், முழுக்கையால் கறக்கவேண்டும். நோய் கண்ட மாட்டையும், நோய் கண்ட காம்பையும் கடைசியில் கறக்கவேண்டும்.

வெளியே வீக்கம் தெரியாமலே மடியில் நோய் இருப்பதுண்டு. இதை வீட்டிலேயே அறியலாம். அரை லிட்டர் நீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, பாலின் அளவே கரைசலைச் சேர்த்து ஒரு நிமிடம் சுழற்ற வேண்டும். கஞ்சிபோல் குழகுழவென்று ஆனால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது என்று கொள்ளலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்தால் நோய் முற்றுமுன் பிடித்துவிடலாம்.

தொடக்க நிலையில் பயன்படும் மூலிகைப் பூச்சு ஒன்றைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மரபுசார் மூலிகை மருத்துவ மையம் பரப்பி வருகிறது. தேசிய பால்வள வாரியமும் இதைப் பல மாநிலங்களில் பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். மடியிலுள்ள பாலை முழுதும் கறந்து கழுவிய பின், ஒரு கைப்பிடி விழுதை நீரில் கரைத்து மடி முழுவதும் தடவ வேண்டும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாட்கள் தடவ வேண்டும். அலுப்பான வேலைதான், ஆயினும் இரண்டு வேளை பூசிவிட்டுப் பலனில்லை என்று சொல்வதில் பொருளில்லை.

மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, தீவனம் தின்னாவிட்டாலோ, பால் நீர்த்தோ இரத்தம் கலந்தோ வந்தாலோ, மடி குளிர்ந்து நிறம் மாறினாலோ பூச்சோடு காத்திருக்கக்கூடாது. அந்நிலையில் சில மணி நேரத்தில் மாட்டை இழக்க நேரிடும். கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

ஊசி அவசியமானால் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். முதல் ஊசிக்கு முன் பால் மாதிரி எடுத்துச் சோதித்தால், பழைய எளிய மருந்துகளுக்கே அடங்கும் கிருமி என்று தெரிய வருவதுண்டு. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கேட்டது என்று அதே குப்பியை வாங்குவதும், கலந்த மருந்தில் மிச்சம் வைத்து மறுநாள் போடுவதும், வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்துவதும் தவறு. கன்றுகளின் கழிச்சலுக்கும் இவ்வூசி கேட்கப்படுகிறது. இளங்கன்றுகளின் கழிச்சலில் கணிசமானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே முதல் தேவை. எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் வைரஸைத் தொடாது.

ஊசிக்குப் பின் பால்

2012இல் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, உணவுக்கான கால்நடைகளுக்குரிய மருந்தின் உறையில் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கவேண்டும். சோதித்து வகுத்த கணக்கு இல்லாவிடில் பாலுக்கு 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் குறையாமல் ஒதுக்க வேண்டும். எட்டு லிட்டர் கறக்கும் பசுவில் ஏழு நாளைக்கு 56 லிட்டர். ஒற்றை மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று. மடிநோய் வராமல் காப்பதே மலிவு என்பதை இக்கணக்கே எடுத்துக் காட்டும்.

மருந்து கலந்த பாலுக்கு ஓர் அடையாளம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்: அது சரியாக உறையாது. உறைமோரிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அம்மருந்து அடக்கிவிடுகிறது. ஆனால் உறைந்துவிட்டதால் மருந்து அறவே இல்லை என்று கொள்ள முடியாது. காய்ச்சுவதாலும் மருந்து முழுவதும் அழிந்துவிடாது. ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் நாய்க்கும் விடாமல், கிணற்றுக்கும் குட்டைக்கும் தொலைவில் குழி தோண்டி ஊற்றவேண்டும்.

மருந்து பெற்ற மாட்டின் சாணத்தைப் பச்சையாகக் கீரைக்கும் காய்கறிக்கும் இடலாகாது. வைக்கோலும் இலைதழையும் சேர்த்துக் குவித்து, ஈரம் காக்க வேண்டும். குவியலின் நடுவே 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறிச் சில நாள் நின்றால் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி மடியும். ஓரத்திலுள்ளவை தப்பாதிருக்க இரண்டு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். கையை உள்ளே நுழைத்தால் சூடு தாங்காமல் உடனே எடுக்க வேண்டியிருந்தால் குவியல் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

பால் மாதிரி எடுப்போர் காம்பு நுனியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சுகளைத் தள்ளிவிட்டு, கொதிநீரில் சுத்தம் செய்த சிறு குப்பியில் பிடித்து மூடவேண்டும். எந்தக் காம்பு என்பதைக் குப்பியின் மேல் எழுதி, பனிக்கட்டியில் வைத்து, அன்றே கால்நடை மருந்தகத்தில் ஒப்படைக்கலாம். அவசர உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது.